இரண்டு மணிக்கு ஒரு முறை

மருந்து கண்டுபிடித்து மக்களைக் காத்த மேதைகளை நாம் அறிவோம். பாஸ்டரையும் ஃபிளெமிங்கையும் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்து, அதனாலேயே எண்ணற்ற உயிர்களைச் சாவின் வாயிலிருந்து மீட்ட மருத்துவர் ஒருவர் இருந்தார் என்றால் நம்மில் சிலர் சிரிக்கக்கூடும். புரட்டிப் போடுவதும் ஒரு மருத்துவமா என்று கேட்கக்கூடும். ஆம், மருத்துவந்தான். அம்மருத்துவரின் பெயர் சர் லுட்விக் குட்மான்.

பாராலிம்பிக் விளையாட்டுகளின் தந்தை என்று உலகம் இவரைப் போற்றுகிறது. 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ நகரில் நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது நான் ஆறாம் வகுப்பு மாணவன். பள்ளியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அந்த விளையாட்டுக்கு வித்திட்டவர் யார் என்பது மட்டும் அன்று எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான், விளையாட்டு அவர் வாழ்க்கையின் பிற்பாதி என்பதும், முற்பாதி முழுவதும் படுக்கைப் புண்ணோடு அவர் நடத்திய போர் என்பதும் புரிந்தது. அந்த முற்பாதியைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுத விரும்புகிறேன்.

படுக்கைப் புண் என்பது என்ன? நலமாக உள்ளவன் தூக்கத்திலும் ஒரே பக்கமாகக் கிடப்பதில்லை. உடம்பின் ஒரு பக்கம் அழுந்தினால் அங்கே சிறு வேதனை எழுகிறது; நாம் அறியாமலே புரண்டு படுக்கிறோம். தண்டுவடம் அறுந்தவனுக்கு அந்த வேதனை மூளைக்கு எட்டாது. எட்டினாலும் புரளத் தசையில் வலுவிருக்காது. மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே அகப்பட்ட தசையில் இரத்தத் தந்துகிகள் நசுங்கிப் போகின்றன. தந்துகியின் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவு என்று 1930ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்ற அறிஞர் அளந்து காட்டினார். கையில் கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் 120 என்று நமக்குத் தெரியும். 32 என்பது அதில் கால் பங்கு. அவ்வளவு மெல்லிய ஓட்டம் அது. கிடக்கும் உடம்பின் எடை அதை எளிதில் நிறுத்திவிடும். ஓட்டம் நின்றால் உயிர்வளி இல்லை, உணவு இல்லை. சில மணி நேரத்தில் தசை மாளத் தொடங்குகிறது. இதில் கொடுமை என்னவென்றால், அழிவு பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் தொடங்குகிறது. மேலே தோலில் ஒரு சிவப்புத் திட்டு தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கும். முதுகின் அடி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய எலும்பு துருத்தும் இடங்களே இப்புண்ணுக்கு வீடு.

இந்தப் புண் ஏன் வருகிறது என்பதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. நரம்பு கெட்டதால்தான் தோல் தானாக அழுகுகிறது, அதை மருத்துவனால் தடுக்க முடியாது என்றார் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற நரம்பியல் மேதை ஷார்க்கோ. அவர் காலத்தவரான பிரௌன் செக்காரோ, விலங்குகளிடம் சோதனை செய்து பார்த்துவிட்டு, அழுத்தத்தை நீக்கித் தூய்மையாக வைத்தால் புண் வராது, வந்ததும் ஆறும் என்றார். உண்மை பின்னவர் பக்கம் இருந்தது. செல்வாக்கோ முன்னவர் பக்கம் இருந்தது! இதன் விலையைக் கொடுத்தவர்கள் முதுகு முறிந்த நோயாளிகள். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் 100க்கு 80 பேர், படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதைச் சீழும் நஞ்சாகி இரத்தத்தில் கலந்து, விரைவிலேயே மாண்டு போயினர் என்று மருத்துவ வரலாறு கூறுகிறது. குண்டு கொல்லவில்லை, கட்டில் கொன்றது.

லுட்விக் குட்மான் 1899ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள் ஜெர்மனியின் மேல் சைலீசியப் பகுதியில் தோஸ்ட் என்னும் ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டைச் சேர்ந்தது. சுரங்கங்கள் நிறைந்த கோனிக்ஷுட்டே நகரில் வளர்ந்தார். 1917இல், பதினெட்டு வயதில், அங்கிருந்த விபத்து மருத்துவமனையில் உதவியாளராகத் தொண்டு செய்தார். ஒருநாள் முதுகெலும்பு முறிந்த நிலக்கரித் தொழிலாளி ஒருவரைக் கொண்டு வந்தார்கள். திடகாத்திரமான இளைஞர். குட்மான் அவரைப் பற்றிய குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது, அதிகம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், இவர் சில வாரங்களில் போய்விடுவார் என்று மேலே இருந்த மருத்துவர் சொல்லிவிட்டார். சொன்னபடியே ஐந்து வாரங்களில் அந்த மனிதர் போய்விட்டார். மாவுக்கட்டுக்குள் கிடத்தி, மற்றவர்களுக்குத் தொற்று வராதபடி திரை மறைவில் ஒதுக்கி, சீழும் காய்ச்சலுமாய் அவர் மாண்டதை அந்தப் பதினெட்டு வயது இளைஞர் கண்ணால் கண்டார். அக்காட்சியைக் குட்மான் சாகும் வரை மறக்கவில்லை.

1918இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1924இல் பட்டம் பெற்றார். ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் என்ற நரம்பியல் பேரறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்து விரைவில் நாடறிந்த நரம்பு அறுவை மருத்துவரானார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் பொது மருத்துவமனைகளில் பணிபுரியக் கூடாது என்றாயிற்று. குட்மான் பிரெஸ்லாவ் நகரின் யூத மருத்துவமனைக்கு மாறினார்; 1937இல் அதன் தலைமை மருத்துவரானார்.

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு ஜெர்மனி எங்கும் யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. வழிபாட்டு இடங்கள் எரிந்தன. ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டனர். அன்றிரவு யார் வந்து கதவைத் தட்டினாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குட்மான் கட்டளையிட்டார். 64 பேர் வந்து சேர்ந்தனர். மறுநாள் ரகசியப் போலீசார் வந்துவிட்டனர். ஒரே இரவில் இத்தனை நோயாளிகள் எப்படி என்று கேட்டனர். குட்மான் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார். போலீசாரின் முதுகுக்குப் பின்னே நின்று முகத்தைக் கோணிக் காட்டுவாராம். படுத்திருப்பவரும் அப்படியே முகத்தைக் கோணுவார். உடனே இவருக்கு வலிப்பு என்று அதிகாரிக்கு விளக்குவார். உயிர் போகும் நேரத்தில் இப்படியொரு நாடகம்! 64 பேரில் 60 பேர் தப்பினர்.

அடுத்து அவருக்கே தப்பும் வழி பிறந்தது. போர்ச்சுகல் நாட்டின் ஆட்சித் தலைவர் சலாசாரின் நண்பர் ஒருவருக்கு மருத்துவம் பார்க்க ஹிட்லரின் அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில், அகதிகளான அறிஞர்களுக்கு உதவும் சங்கத்தார் அவர் குடியேற ஏற்பாடு செய்தனர். 1939 மார்ச்சில் மனைவி எல்ஸாவுடனும் இரு குழந்தைகளுடனும் ஆக்ஸ்ஃபோர்டு வந்து சேர்ந்தார். தாய்நாட்டில் தலைமை மருத்துவர். இங்கே உதவித்தொகையில் வாழும் ஆராய்ச்சியாளர். ஏறத்தாழ நான்காண்டுகள் அப்படியே கழிந்தன.

1943இல் ஆங்கில அரசு அவரை அழைத்தது. ஐரோப்பாவில் பெரும் படையெடுப்பு வரப்போகிறது, முதுகில் அடிபட்ட வீரர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள், அவர்களுக்கென ஒரு பிரிவை நடத்த முடியுமா என்று கேட்டார்கள். மற்ற மருத்துவர் யாரும் விரும்பாத வேலை அது. சாகப் போகிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே பலர் எண்ணம். தம் வழியில் யாரும் குறுக்கிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு குட்மான் ஒப்புக்கொண்டார். லண்டனுக்கு வடமேற்கே ஐல்ஸ்பரி நகருக்கு அருகில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 பிப்ரவரி 1ஆம் நாள் தேசியத் தண்டுவடக் காயப் பிரிவு திறக்கப்பட்டது.

முதலில் அவர் செய்தது மாவுக்கட்டை உடைத்து எறிந்ததுதான். முதுகு அசையக் கூடாது என்று வீரர்களை மாவுக்கட்டுத் தொட்டிலில் கிடத்தி அனுப்பிவந்தார்கள். உணர்வில்லாத உடம்பை இறுகிய கட்டுக்குள் வைத்தால் என்ன ஆகும்? பிரித்துப் பார்த்தால் உள்ளே எலும்பு தெரியும் புண்கள். அடுத்து அவர் வகுத்த சட்டம், ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்பது. பகலில் மட்டுமன்று, இரவு முழுவதும். இதற்கென ஆட்கள் குழுவாகக் கட்டிலுக்குக் கட்டில் சென்றார்கள். இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும். ஆகவே தூக்கித்தான் திருப்ப வேண்டும். திருப்பும் போதெல்லாம் தோலைப் பார்க்க வேண்டும். எலும்பு துருத்தும் இடம் மெத்தையில் படாதபடி தலையணைகளை அணை கொடுக்க வேண்டும். விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருக்கக் கூடாது. நல்ல புரதச் சத்துள்ள உணவு கொடுக்க வேண்டும். புண்ணின் வழியே புரதம் ஒழுகிப் போகிறதல்லவா? சிறுநீர் எடுக்கும் குழாயை மருத்துவரே தூய்மை கெடாமல் செலுத்த வேண்டும்.

படிக்க எளிதாக இருக்கிறது, செய்து பாருங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. இருபது பேருக்கு 240 முறை. அதுவும் போர்க்காலத்தில், ஆள் பற்றாக்குறையில். பணியாளர் முணுமுணுத்தனர். குட்மான் நள்ளிரவில் சொல்லாமல் வந்து நிற்பார். புரட்டினார்களா என்று பார்ப்பார். கண்டிப்பில் அவர் கிட்டத்தட்ட ஒரு கொடுங்கோலர் என்பதை அவரைப் போற்றுவோரும் மறைப்பதில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. இரவு மூன்று மணிக்கு ஒரு வேலை தவறாமல் நடக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் கண்டிப்பாக இருந்துதான் ஆக வேண்டும். நோயாளிகளோ அவரைச் செல்லமாகப் பாப்பா என்று, அதாவது அப்பா என்று, அழைத்தார்கள்.

இதை நான் புத்தகத்தை மட்டும் நம்பி எழுதவில்லை. எங்கள் சித்தப்பா பனையேறி. நான் மேல்நிலைப் படிப்பில் இருந்தபோது, பதனீர் இறக்கும் பருவத்தில், மரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஒரு மருத்துவமனையில் இருபது நாள் வைத்திருந்து மாத்திரைச் சீட்டோடு அனுப்பினார்கள். புரட்டிப் படுக்க வையுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் முதுகின் அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருந்தது. சித்தி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். கறுப்பு உதிர்ந்து குழியாயிற்று. அப்போது பக்கத்துத் தெருவில் இருந்த, ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் வந்து பார்த்தார். எண்ணெயை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார் என்று சித்தியிடம் கூறினார். எப்படித் தூக்குவது, கால்களுக்கு நடுவே தலையணையை எப்படி வைப்பது, புண்ணை எப்படிக் கழுவுவது என்று நாள்தோறும் வந்து காட்டினார். அன்று முதல் எங்கள் வீட்டில் முறை வைத்தோம். இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் சித்தி. இரண்டுக்குத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான். நான்குக்கு உப்பளத்துக்குக் கிளம்பும் முன் அப்பா. குழி மூட ஏழு மாதம் ஆயிற்று. இப்போது சித்தப்பா சக்கர நாற்காலியில் அமர்ந்து பனை நார்ப் பெட்டி முடைகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என் மற்றப் படிப்பெல்லாம் வீட்டாருக்குப் புரிவதில்லை. குட்மான் கதையைச் சொன்னபோது மட்டும் சித்தப்பா மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எல்லாப் பெருமையும் குட்மானுக்கே என்று சொல்வது நேர்மையாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டொனால்டு மன்ரோ என்ற மருத்துவர் 1930களிலேயே இத்தகைய நோயாளிகளுக்கென ஒரு பிரிவை நடத்தினார். சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் அந்தக் காலத்தில்தான் கைக்கு வந்தன. சீழை அடக்க அவை உதவின. ஆயினும் மருந்து மட்டும் போதாது. அழுத்தம் நீங்காத இடத்துக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

போர் முடிந்தபின் முதியோர் பிரிவுகளில் இதே கேள்வியைச் செவிலியர் ஒருவரே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர் இங்கிலாந்தின் டோரின் நார்ட்டன். படுக்கைப் புண்ணுக்கென அன்று வார்டுக்கு வார்டு வெவ்வேறு தைலமும் களிம்பும் தேய்த்துவந்தார்கள். அவற்றால் பயனில்லை, அடிக்கடி புரட்டுவதே பயன் தருகிறது என்று 1962இல் வெளிவந்த ஆய்வில் அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் கொடுத்து, மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவானால் புண் வரும் ஆபத்து உண்டென்று கொள்ளும் அளவுகோலும் அவர் தந்ததே. மாணவர்களாகிய நமக்கு மதிப்பெண் குறைந்தால் தேர்வுதான் போகும்! இன்று நல்ல மெத்தைகள் வந்துவிட்டதால், நோயாளியின் நிலையைப் பார்த்துப் புரட்டும் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறார்கள். புரட்டுவதை மட்டும் எவரும் கைவிடவில்லை.

சாகாமல் பிழைத்தவனை என்ன செய்வது? இக்கேள்வி குட்மானுக்கு முன் பெரும்பாலோருக்கு எழவில்லை, ஏனென்றால் பிழைத்தவர் மிகச் சிலர். வெறுமனே படுக்கையில் கிடந்து கூரையைப் பார்க்க அவர் யாரையும் விடவில்லை. மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு என்று பட்டறைகள் வைத்தார். கைகளை ஊன்றி உடம்பை நாற்காலியிலிருந்து அடிக்கடி தூக்கவும், கண்ணாடி வைத்துத் தம் தோலைத் தாமே பார்த்துக்கொள்ளவும் நோயாளிகள் பழகினர். கைகளுக்கு வலு வேண்டுமே? அதற்குத்தான் விளையாட்டு வந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து போலோ ஆடினார்கள். அது மிக முரட்டுத்தனமாகப் போகவே கூடைப்பந்துக்கு மாறினார்கள். வில்வித்தையை அவர் பெரிதும் விரும்பினார். தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. நடப்பவனோடும் சரிசமமாகப் போட்டியிடலாம்.

1948 ஜூலை 29ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். அவர்களில் இருவர் பெண்கள். 1952இல் ஹாலந்து நாட்டினர் வந்து கலந்துகொள்ள அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கூடினர். முதல் பாராலிம்பிக் என்று இன்று எண்ணப்படுவது அதுவே. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த போட்டியில், 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த நம் நாட்டு இராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. எந்த நாட்டை விட்டு உயிர் தப்பி ஓடினாரோ, அந்த நாட்டிலேயே தாம் தொடங்கிய விளையாட்டு விழா நடந்ததைக் குட்மான் கண்டார்.

நம் மாநிலத்திலும் இவ்வரலாற்றோடு ஒட்டிய ஒரு பெயர் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வெளிநாடு சென்று பயின்று, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவினார். முதுகு முறிந்த ஏழைகளுக்கு இன்றும் அது புகலிடம்.

1966இல் குட்மானுக்குச் சர் பட்டம் கிடைத்தது. தம் வாழ்நாள் அறிவையெல்லாம் திரட்டித் தண்டுவடக் காயம் பற்றிய பெருநூலை 1973இல் வெளியிட்டார். 1976இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1980 மார்ச் 18ஆம் நாள், எண்பதாம் வயதில், இதய நோயால் மறைந்தார். 2012இல் லண்டனில் பாராலிம்பிக் நடந்தபோது அதன் சின்னப் பொம்மைக்கு மாண்டவில் என்று பெயரிட்டார்கள். ஒரே வார்டாகத் தொடங்கிய அந்தத் தண்டுவடக் காயப் பிரிவு இன்றும் அதே ஊரில் இயங்கி வருகிறது. இரவு நேரப் பணியாளர்கள் இன்றும் அங்கே கட்டிலுக்குக் கட்டில் சென்று நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்.